யாருடைய ரத்தம் பரிசோதிக்கப்படுகிறது?

(செங்கல்பட்டில் இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய ஒருநாள் படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மாதிரிக் கூட்டங்களில் நிலம் பற்றிப் பேசுகிறோம், கூலி பற்றிப் பேசுகிறோம், வன்கொடுமைச் சட்டம் பற்றிப் பேசுகிறோம். என்னை ரத்தம் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. சாதிக்காரன் பேசுகிற ரத்தம் ஒன்று இருக்கிறது. எங்க ரத்தம் சுத்தம், உங்க ரத்தம் வேற என்பான். நான் பேசப் போவது ஊசியில் எடுத்துப் புட்டியில் அடைக்கிற ரத்தம். நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் ரத்தப் புட்டிகளை வாங்கி, சூட்டுப் பெட்டியில் வைத்து, எந்தப் புட்டியில் கிருமி வளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சீட்டு எழுதி அனுப்பி ஓய்வு பெற்றவன். அந்த வேலையில் கண்டதையும் படித்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் கிருமி தங்காது. வாயில் இருக்கு, குடலில் இருக்கு, தோல் மேல் கோடிக்கணக்கில் இருக்கு. பல் தேய்க்கும்போதும் காலில் முள் குத்தும்போதும் கொஞ்சம் ரத்தத்துக்குள் போகத்தான் செய்யும். ஆனால் உள்ளே காவல் இருக்கிறது. வெள்ளையணுக்களும் மண்ணீரலும் கல்லீரலும் சேர்ந்து சீக்கிரமே துடைத்துவிடும். காவல் பலவீனப்பட்ட உடம்பில் இது நடக்காது. நுழைந்த கிருமி பெருகும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும், பேச்சு குழறும், ரத்த அழுத்தம் இறங்கும், மூத்திரம் குறையும். பிறகு ஒவ்வொரு உறுப்பாக நிற்கும். இதைத்தான் செப்சிஸ் என்கிறார்கள். பலமான உடம்பில் ஒன்றும் செய்ய முடியாமல், பலவீனமான உடம்பு கிடைத்ததும் உள்ளே புகுகிற கிருமிக்கு மருத்துவத்தில் சந்தர்ப்பவாதக் கிருமி என்று பேர். சந்தர்ப்பவாதி என்றால் யார் என்று இயக்கத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, காவல் எப்படிப் பலவீனப்படுகிறது? எச்.ஐ.வி. ஒரு காரணம். கட்டுப்படாத சர்க்கரை நோய் ஒரு காரணம். சிறுநீரகம் கெட்டுப்போவது, குடி, புற்றுநோய்க்குத் தருகிற மருந்து, வயிற்றுக்கு இல்லாமல் கிடப்பது எல்லாம் காரணம். முட்டி வலிக்கும் இளைப்புக்கும் உடனே கேட்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாசக்கணக்கில் முழுங்குகிற ஸ்டீராய்டு மாத்திரையும் காரணம். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலும் இந்த மாவட்டத்துக் கல் குவாரிகளிலும் கிரஷர்களிலும் பறக்கிற கல்தூசு நுரையீரலின் காவல் அணுக்களைக் கொல்கிறது. கல்தூசு நுரையீரலில் படிந்தவனுக்குக் காசநோய் பல மடங்கு எளிதாகத் தொற்றுகிறது. சுற்றுலாக்காரர் பார்க்கும் சிலை பளபளப்பாக இருக்கும். அதை மிஷின் வைத்து அறுத்தவனுடைய எக்ஸ்ரே எப்படி இருக்கும்னு யாரும் பார்க்கிறதில்லை.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். எத்தனை காரணம் ஆளோடு பிறந்தது, எத்தனை காரணம் அவன் செய்கிற வேலையிலும் சாப்பிடுகிற சோற்றிலும் இருந்து வந்தது?

நம்ம மாவட்டத்துக்கு இதில் ஒரு பழைய வரலாறு உண்டு. திருமணியில் 1924இல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் இல்லம் வந்தது. 1955இல் அது மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமானது. தாம்பரத்தில் 1928இல் டேவிட் சவுரிமுத்து என்ற மருத்துவர் காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1937இல் அது அரசு கைக்குப் போனது. ஊர் தொடமாட்டேன் என்று தள்ளிய உடம்புகளுக்கெல்லாம் சென்னைக்கு வெளியே, செங்கல்பட்டுச் சீமையில்தான் இடம் ஒதுக்கினார்கள். தள்ளிவைப்பது என்றால் என்ன என்று சேரிக்காரனுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தள்ளிவைத்த அந்த இடங்களில்தான் நோயாளிகள் படுத்திருந்தார்கள், வைத்தியமும் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் அம்மையாரும் அவரிடம் படித்த நிர்மலா என்ற மாணவியும் பாலியல் தொழில் செய்தவர்கள் என்று பிடித்து அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அந்தப் பெண்களின் ரத்தத்தில்தான். கண்டுபிடிப்பு பெரிய செய்தியானது. அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை. 1990களில் மற்ற ஆஸ்பத்திரிகள் கதவை மூடியபோது தாம்பரம் சானடோரியத்துக்குத் தமிழ்நாடு மட்டுமில்லாமல் ஆந்திராவில் இருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 1996லேயே பணக்கார நாடுகளுக்குக் கிடைத்துவிட்டது. இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். தொடங்கிய எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. நடுவில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தில் செத்தவர்களை நேராகக் கொன்றது எச்.ஐ.வி. வைரஸ் என்று சொல்ல முடியாது. அது காவலைக் கலைத்தது. கொன்றது காசநோயும், நிமோனியாக் கிருமியும், சால்மொனெல்லா மாதிரி ரத்தத்தில் இறங்குகிற கிருமிகளும்.

சால்மொனெல்லாவில் ஒரு வகை சாதாரண ஆளுக்கு நாலு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அதே கிருமி ரத்தத்தில் இறங்கும், குணமானாலும் மறுபடி மறுபடி வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தாலே எய்ட்ஸ் நிலை என்று 1987லேயே அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வரையறுத்தது. இதற்கெல்லாம் ஒரு மலிவான தடுப்பு இருந்தது. கோ-டிரைமாக்சசோல். செப்ட்ரான் என்று கடைகளில் கேட்பீர்களே, அந்த மாத்திரைதான். தினமும் அதைக் கொடுத்தால் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கடுமையான தொற்று குறைகிறது என்று மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜானில் நடந்த ஆய்வு 1999இல் காட்டியது. மாத்திரை எத்தனையோ காலமாகக் கடையில் இருந்தது. இந்த மக்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம்தான் தாமதமாக வந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த நோய்க்கு வருகிறேன். பெயர் கொஞ்சம் வாயில் நுழையாது. மெலியோய்டோசிஸ். கிரேக்கத்தில் கழுதைக்கு வரும் ஒரு நோயின் பெயரை வைத்து 1921இல் மலாயாவில் இருந்த வெள்ளைக்கார மருத்துவர்கள் வைத்த பெயர். தமிழில் கேட்டால் மெலிந்தவர்களின் நோய் என்று சொல்வது போல இருக்கிறது. தற்செயல்தான், ஆனால் அர்த்தம் சரியாக விழுந்திருக்கிறது.

இந்தக் கிருமியின் வீடு மண். ஈரமான வயல் மண், தேங்கிய தண்ணீர். வெயில் காலத்தில் மண்ணுக்கு அடியில் கிடக்கும், மழை பெய்தால் மேலே வரும். காலில் இருக்கிற வெடிப்பு, வரப்பில் பட்ட கீறல் வழியாக உள்ளே போகும். புயல் காற்றில் மூச்சு வழியாகவும் போகும், குடிதண்ணீர் வழியாகவும் போகும். நுழைந்தவர் எல்லாருக்கும் நோய் வராது. நோய் வருகிறவர்களில் பாதிக்குப் பாதி பேர் சர்க்கரைக்காரர்கள். நுரையீரலில் வந்தால் காசநோய் மாதிரித் தெரியும், கல்லீரலில் சீழ் கட்டும், மூட்டில் இறங்கும், நோயாளிகளில் பாதிப் பேருக்கு ரத்தத்திலேயே இருக்கும். சிலருக்கு உள்ளே வந்து பல வருஷம் தூங்கிவிட்டு, காவல் தளரும்போது எழுந்திருக்கும்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று பெருமையாகச் சொல்வார்கள். மதுராந்தகம் ஏரி, அதற்குக் கீழே நெல், கடலோரம் உப்பளம், கழிமுகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த மண்ணில் வெறுங்காலோடு நிற்பது யார்? நடவுக்கும் களைக்கும் போகிற நம் பெண்கள். எலி பிடிக்க வரப்பைத் தோண்டுகிற இருளர். நூறு நாள் வேலையில் ஏரி, குளம் தூர்வாரப் போனவர்கள். சாக்கடை அள்ளுகிற துப்புரவுத் தொழிலாளர்.

சர்க்கரை பணக்கார வியாதிதானே என்று கேட்பீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. மூன்று வேளையும் அரிசி, பருப்பும் காயும் பேருக்கு. வேலையோ மாடுமாதிரி. இந்த உடம்புக்கு வந்த சர்க்கரை வேறு, ஏசி அறைக்காரனுக்கு வந்த சர்க்கரை வேறு. அவன் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதித்து மாத்திரையை மாற்றிக்கொள்கிறான். நம்ம ஆளுக்குச் சர்க்கரை இருப்பதே கால் புண் ஆறாதபோதுதான் தெரிகிறது. பாபாசாகேப் அம்பேத்கரும் கடைசி வருஷங்களில் சர்க்கரையோடுதான் எழுதினார், பயணம் செய்தார், போராடினார். இதை வெட்கப்பட்டு மறைக்க ஒன்றுமில்லை.

2016இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, உலகத்தில் வருஷத்துக்கு 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று மதிப்பிட்டது. இந்தியாவில் மட்டும் 50,000க்கு மேல் நோயாளிகள் என்றது. இது மதிப்பீடு. ஆய்வுக்கூடத்தில் பெயர் சொல்லிக் கண்டுபிடித்த எண்ணிக்கை இதில் சின்னத் துளி. மீதிப் பேர் எங்கே போனார்கள்? அவர்கள் இறப்புக்குக் காரணமாகக் காய்ச்சல் என்றோ நிமோனியா என்றோ எழுதியிருக்கும். காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் செத்திருப்பார்கள். சில வீடுகளில் காத்து கருப்பு அடிச்சிடுச்சு என்று முடிந்திருக்கும்.

எப்படித் தவறிப் போகிறது என்பதை நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நேரிலேயே பார்த்தேன். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். மாமல்லபுரம் பக்கத்துக் கடலோர ஊரில் இருந்து ஒரு கூலிக்காரர், ஐம்பது வயசு இருக்கும், அஞ்சு நாள் காய்ச்சலோடு வந்தார். சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. இரண்டு கையில் இருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து இரண்டு புட்டி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் ஒரு புட்டியில் கிருமி. கண்ணாடிக்கு அடியில் ஊக்கு மாதிரி, இரண்டு முனையும் அடர்ந்து நடுவில் வெளுத்துத் தெரிந்தது. நான் மேலதிகாரியிடம் காட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சேத்துல வேலை செய்ற ஆளுப்பா. தோலைச் சரியா துடைச்சிருக்க மாட்டாங்க. அழுக்குக் கிருமி. கலப்படம்னு எழுதி அனுப்பு" என்றார்.

தோழர்களே, தோலில் இருக்கிற கிருமி புட்டியில் கலப்பது உண்மையாகவே நடக்கிற விஷயம். அதற்காகத்தான் இரண்டு இடத்தில் தனித்தனியாக ரத்தம் எடுப்பது. ஒரு புட்டியில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் கலப்படம் என்று சந்தேகிக்கலாம். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்தில் இருந்தது என்று அர்த்தம். விஞ்ஞானம் அவ்வளவு தெளிவாக வழி சொல்கிறது. ஆனால் அந்த மனிதர் இரண்டாவது புட்டிக்குக் காத்திருக்கவே இல்லை. ஆளுடைய ஊரையும் வேலையையும் பார்த்தே முடிவு செய்துவிட்டார். அழுக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். நம்மைக் கிணற்றில் இருந்தும் தெருவில் இருந்தும் விலக்கிய அதே சொல் ஆய்வுக்கூடத்துக்குள் வந்து ஒரு பரிசோதனை முடிவை அடித்துவிட்டது. மறுநாள் இரண்டாவது புட்டியிலும் அதே கிருமி வளர்ந்தது. சீட்டை நானே தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். விடிகாலையிலேயே உடலைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நர்சம்மா சொன்னார்.

அதற்குள் அவருக்கு மருந்தே கொடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். ஆனால் இந்தக் கிருமிக்குப் பென்சிலின் கேட்காது, ஆம்பிசிலின் கேட்காது, ஜென்டாமைசின் கேட்காது. செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது பத்து, பதினான்கு நாள் போட வேண்டும். பிறகு மூன்று மாதம் நான் முன்னே சொன்ன அதே கோ-டிரைமாக்சசோல் மாத்திரை. ஊசியோடு நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரும். கிருமியின் பெயர் தெரிந்தால்தான் சரியான ஊசி. பெயர் தெரிய வேண்டுமானால் ரத்தத்தை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் தலைப்பில் அந்தக் கேள்வியை வைத்தேன்.

இந்த நோயின் வரலாற்றிலும் அதே கேள்விதான். 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற வெள்ளைக்கார மருத்துவரும் சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற உதவி மருத்துவரும் பிணப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் எழுதினார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் கேட்பாரற்றவர்கள், மெலிந்தவர்கள், மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள். அதனால் மார்ஃபியாக்காரன் நோய் என்றுகூடப் பேர் இருந்தது. தமிழ், தெலுங்குச் சீமைகளில் இருந்து கப்பலேறிய கூலிகள் நிறைந்த ஊர் அன்றைய ரங்கூன். பிறகு வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வந்தபோது உலகம் இதற்கு டைம் பாம் என்று பட்டப்பெயர் வைத்துப் பயந்தது.

2021இல் இன்னொன்று நடந்தது. அமெரிக்காவில் நாலு மாநிலங்களில் நாலே நாலு பேருக்கு இந்த நோய் வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் கிருமியின் மரபணுவைப் படித்து, இது தெற்காசியக் கிருமி என்று கண்டு, வீடு வீடாகப் போய், கடைசியில் ஒரு வாசனைத் தெளிப்பானைப் பிடித்தது. இந்தியாவில் தயாராகி அங்கே கடையில் விற்ற புட்டி. சுமார் 3,900 புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். நாலு பேருக்காக அவ்வளவும் செய்தார்கள். நியாயம், செய்ய வேண்டியதுதான். நாமும் அதே அக்கறையைத்தான் கேட்கிறோம். நம் மாநிலத்திலேயே முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2023இல் வாணியம்பாடிப் பக்கம் பல் மருத்துவம் செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கிருமி மூளையைத் தாக்கியது. 10 பேரில் 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசு ஆய்வாளர்களும் தேடிப் போய், திறந்த உப்புநீர்ப் புட்டியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் வந்து முடிச்சைப் பிடித்தார்கள். தேடினால் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்கில் டார்வின் என்று ஒரு ஊர். அங்கே 1989 முதல் ஒவ்வொரு நோயாளியையும் கணக்கெடுத்தார்கள். நோயாளிகளில் பாதிப் பேர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். முதல் அஞ்சு வருஷத்தில் நூற்றுக்கு 31 பேர் இறந்தார்கள். முப்பது வருஷம் கழித்து நூற்றுக்கு 6 பேர். கிருமி மாறவில்லை. மந்திர மருந்து எதுவும் வரவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருகிறவருக்கு முதலிலேயே சந்தேகப்பட்டு, ரத்தம் எடுத்து, சரியான ஊசியை உடனே போட்டு, தீவிர சிகிச்சைப் படுக்கை கொடுத்தார்கள். நூற்றில் 25 உயிர் பிழைப்பது இதில்தான் இருக்கிறது. மெலிந்தவன் சாவது இயற்கை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்கள் முன்னால் வையுங்கள்.

கடைசியாக நிலத்துக்கு வருகிறேன். 1891இல் இதே செங்கல்பட்டின் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர்களின் வறுமையையும் நிலமற்ற நிலையையும் அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. நூறு வருஷம் கழித்து அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுக் காரணையில் நம் மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி இந்தச் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு தோழர்களும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் ரத்தம் சிந்திய மண்ணில் நின்றுதான் பேசுகிறோம். பட்டா இன்னொருவனிடம், சேறு மட்டும் நம் காலில். சொந்த நிலத்தில் நிற்பவன் காலில் புண் இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று வீட்டில் இருப்பான். கூலிக்காரி இருக்க முடியாது. கிருமி அந்தப் புண்ணுக்குள் போவதற்கு முந்தியே இது முடிவாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதைச் சேரி நோய் என்று யாரும் பேச விடாதீர்கள், நாமும் பேசக் கூடாது. இது ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக மிக அரிது. தொட்டால் வராது, கூடச் சாப்பிட்டால் வராது. நிலக்காரனுக்குச் சர்க்கரை இருந்து அவன் சேற்றில் இறங்கினால் அவனுக்கும் வரும். தொழுநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் செய்ததை இதற்கும் செய்ய ஆள் காத்திருக்கிறது. நம் மக்களுக்கு ஏற்கனவே ஒரு தீட்டு போதும்.

* * *

(பேச்சுக்குப் பின் நடந்த உரையாடலில் இருந்து)

ஒரு மாணவர்: தோழர், நோய், மாத்திரை, விழிப்புணர்வு என்று போனால் தொண்டு நிறுவன வேலை ஆகிவிடாதா? சாதி ஒழிப்புதானே நம் வேலை?

நல்ல கேள்வி. நோட்டீஸ் கொடுத்துக் கைகழுவச் சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் நீங்கள் சொல்வதுதான். நான் கேட்பது வேறு. நம் மக்கள் எதனால் சாகிறார்கள் என்ற கணக்கு நம் கையில் இல்லை. வன்கொடுமையில் செத்தால் நாம் பெயர், ஊர், தேதி எழுதி வைக்கிறோம். காய்ச்சலில் செத்தால் விதி என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவது சாவையும் முதல் சாவைப் போலப் பதிவு செய்யச் சொல்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில் பிளட் கல்ச்சர் புட்டி இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் எடுக்கிறார்கள், புட்டியைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வண்டி இருக்கிறதா, சீட்டு எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கேட்க மாணவர்களாகிய உங்களால் முடியும். பதிலை வைத்துக்கொண்டு கோரிக்கை எழுப்பலாம். அது அரசியல் வேலைதான்.

ஒரு தாய்: கம்பெனிக்காரன் பூட்ஸ் போடு, கையுறை போடுன்றான். சேத்துல பூட்ஸை மாட்டிக்கினு நடவு நட முடியுமா தம்பி? கால் பொதைஞ்சிக்கும்.

முடியாதும்மா. நட்டவங்களுக்குத்தான் தெரியும், புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாது. வாய்க்கால் அள்ளுறது, ஏரி தூர்வாருறது, சாக்கடை வேலை இதுக்கெல்லாம் பூட்ஸ் போட முடியும், அதைக் கொடுக்க வேண்டியது வேலை வாங்குறவன் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்கணும். நடவுக்கு நான் சொல்றது வேற. கால்ல ஆறாத புண்ணு இருந்தா சேத்துல இறங்காதீங்க. அன்னிக்குக் கரை மேல நாத்துக்கட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையை அவங்களுக்குக் கொடுங்க, ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கலாம். கரையேறினதும் நல்ல தண்ணியில சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்க. தண்ணியைக் காய்ச்சிக் குடிங்க.

அதே தாய்: சர்க்கரைக்கு மாத்திரை குடுக்கறாங்க. சாப்பிட்டா தலை சுத்துது, உட்டுட்டேன்.

விடக்கூடாதும்மா. வெறும் வயித்துல மாத்திரை போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் குனிஞ்சு நட்டா சர்க்கரை இறங்கித் தலை சுத்தும். நான் எந்நேரம் சாப்பிடுறேன், எந்நேரம் வேலைக்குப் போறேன்னு சொல்லி, மாத்திரை அளவை டாக்டரை மாத்தித் தரச் சொல்லுங்க. 2021இல் இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து தர்ற திட்டம் இருக்கு. சேரிக்குள்ள வரலைன்னா ஏன் வரலைன்னு கேக்கறது இந்தத் தம்பிங்க வேலை.

இன்னொரு மாணவர்: காய்ச்சல் வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

சர்க்கரை, எச்.ஐ.வி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ, பேச்சு மாறினாலோ, மூத்திரம் குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வழியில் ஊசிக்காரரிடம் நின்று ஒரு ஊசி போட்டுக்கொண்டு போகாதீர்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். போன இடத்தில் முதலிலேயே சொல்லுங்கள்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது, சேற்றில் வேலை செய்கிறேன், இத்தனை நாளாகக் காய்ச்சல். பிறகு, ஊசி போடுவதற்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தீர்களா என்று கேளுங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், மரியாதையாக, ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள். ஒரு புட்டிக்குப் பத்து மில்லி வரை எடுப்பார்கள். அதைப் பார்த்து ரத்தத்தை எடுத்து விற்கிறான் என்று நம் ஆட்களே சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களின் ரத்தத்தில் பல நேரம் ஒரு மில்லிக்கு ஒன்றிரண்டு கிருமிதான் இருக்கும். குறைவாக எடுத்தால் சிக்காது. அதனால்தான் அவ்வளவு எடுக்கிறார்கள்.

நோயாளியோடு படித்த பிள்ளை ஒருத்தர் கூடப் போக வேண்டும். மூன்றாம் நாள் ஆய்வுக்கூடத்து வாசலில் நின்று சீட்டைக் கேட்டு வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும். கலப்படம் என்று எழுதியிருந்தால், இரண்டாவது புட்டியில் என்ன வளர்ந்தது என்று கேட்க வேண்டும். இந்த மழைக்கு முன்னால் ஒவ்வொரு சேரியிலும் அப்படி இரண்டு பேரைத் தயார் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள் என்று இங்கேயே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.